அம்பு நஞ்சும் அறிஞர் பெர்னார்டும்

பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு வடக்கே சோன் ஆறு மெல்லெனப் பாய்கின்றது. அவ்வாற்றின் மேற்கே சிறுசிறு குன்றுகள் அடுக்கடுக்காக எழுந்து நிற்கின்றன. குன்றுகளின் சரிவெங்கும் திராட்சைக் கொடிகள் படர்ந்திருக்கும். அந்நிலப்பகுதியில் செயின்ட் ஜூலியன் என்றொரு சிற்றூர் உண்டு. திராட்சை பயிரிடும் எளிய குடும்பம் ஒன்றில், 1813-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12-ஆம் நாள், கிளாடு பெர்னார்டு அவ்வூரில் பிறந்தார். பிற்காலத்தில் உலகம் போற்றும் பேரறிஞராகப் பாரிசு நகரில் வாழ்ந்தபோதும், திராட்சை அறுவடைக் காலம் வந்துவிட்டால் அவர் பிறந்த ஊரை நாடிச் செல்வதை விட்டதில்லை.

ஊர்த் தேவாலயத்துப் பாதிரியார் சிறுவனுக்கு இலத்தீன் மொழி கற்பித்தார். பின்னர் அருகிலிருந்த ஊர்களின் பள்ளிகளில் அவர் பயின்றார். பள்ளியில் அவர் சிறந்து விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. குடும்பத்தில் பொருள் வளம் இல்லாமையால், 1832-ஆம் ஆண்டு லியோன் நகரை அடுத்த வேசு என்னும் இடத்தில் இருந்த ஒரு மருந்துக் கடையில் பணியாளராக அமர்ந்தார். அக்கடையில் தீரியாக்கு என்னும் பழைய மருந்து ஒன்று பெரிதும் விலைபோயிற்று. எந்நோய்க்கும் அதுவே மருந்தென்று மக்கள் நம்பி வாங்கினர். கடையில் கெட்டுப்போன மருந்துகளும் பானைகளின் அடியில் மிஞ்சியவையும் அந்தத் தீரியாக்குப் பானையிலேயே கொட்டப்படுவதைப் பெர்னார்டு நாள்தோறும் கண்டார். ஒரு மருந்து உடலில் புகுந்து என்ன செய்கின்றது என்பதை எவரும் அறியார். அறிய முயல்வாரும் இலர். இளமையில் கண்ட இக்காட்சி அவர் உள்ளத்தை விட்டு அகலவே இல்லை.

ஆயினும் அவர் மனம் அப்போது மருத்துவத்தை நாடவில்லை, நாடகத்தை நாடியது. மருந்து இடிக்கும் நேரம் போக எஞ்சிய பொழுதில் அவர் எழுதிய சிறு நாடகம் ஒன்று லியோன் நகரில் நடிக்கப்பெற்றுப் பாராட்டும் பெற்றது. அதனால் ஊக்கமுற்ற அவர் ஐந்து அங்கங்களைக் கொண்ட துன்பியல் நாடகம் ஒன்றை எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு 1834-ஆம் ஆண்டு பாரிசு நகருக்குச் சென்றார். அங்கே புகழ்பெற்ற திறனாய்வாளர் ஒருவர் நாடகத்தைப் படித்துப் பார்த்தார். மருந்துக் கடையில் வேலை செய்த பழக்கம் இருப்பதால் மருத்துவம் பயின்று பிழைப்புக்கு வழி தேடிக்கொள்ளுமாறும், நாடகத்தை ஓய்வு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுமாறும் அவர் அறிவுரை கூறினார். இளைஞர் அதனை ஏற்றார். நாடக உலகம் ஒருவரை இழந்தது, அவ்விழப்பு பெரிதன்று.

மருத்துவக் கல்லூரியிலும் பெர்னார்டின் பெயர் முன்வரிசையில் இடம்பெறவில்லை. மருத்துவமனைப் பயிற்சிக்கான போட்டித் தேர்வில் வென்ற 29 பேருள் அவர் 26-ஆம் இடத்தையே பெற்றார். ஆனால் பயிற்சியின்போது பிரான்சுவா மகாந்தி என்னும் உடலியல் அறிஞரிடம் அவர் வந்து சேர்ந்தார். பிரான்சு கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய மகாந்தி, சொற்போரில் நம்பிக்கையற்றவர். கண்ணால் கண்டதையன்றி வேறெதனையும் ஏற்காதவர். தம்மிடம் வந்த மாணவரின் கைகள் மிக நுண்ணிய நரம்பையும் சிதைக்காமல் பிரித்தெடுப்பதைக் கண்ட அவர், இவ்விளைஞர் தம்மினும் திறமை மிக்கவர் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 1841-ஆம் ஆண்டு பெர்னார்டு அவருடைய ஆய்வுத் துணைவராக அமர்ந்தார். ஆய்வுக்கூடம் என்னும் பெயர்தான் பெரிது. அது வெளிச்சமும் காற்றும் புகாத, ஈரம் கசியும் சிறிய அறை. பிற்காலத்தில் அவரைப் பற்றி வருத்திய நோய்க்கு அவ்வறையே காரணம் என்று அவருடைய நண்பர்கள் எண்ணினர்.

அக்காலத்து உடலியல் ஆராய்ச்சியைப் பற்றி ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். உயிரோடிருக்கும் விலங்குகளின் உடலைத் திறந்தே அவ்வாராய்ச்சி நடைபெற்றது. வலியைப் போக்கும் மயக்க மருந்து அப்போது இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஈதரைக் கொண்டு நோயாளிக்கு வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்பது 1846-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில்தான் மெய்ப்பிக்கப்பட்டது. குளோரோபாரம் அதற்கு அடுத்த ஆண்டில் வழக்கிற்கு வந்தது. அதற்கு முன்னர் அறுவைக்கு ஆட்பட்ட மனிதரும் வலியால் துடித்தனர். ஆய்வுக்கு ஆட்பட்ட விலங்குகளும் துடித்தன. பெர்னார்டு சோதித்த நாய் ஒன்று, வயிற்றில் பொருத்திய வெள்ளிக் குழலுடன் தப்பி ஓடிவிட்டது. அது அப்பகுதிக் காவல்துறை அதிகாரி ஒருவரின் சொந்த நாய் என்பது பின்னரே தெரிந்தது. அதிகாரி அவரை அழைத்துக் கேட்டார். பெர்னார்டு நடந்ததை ஒளிக்காமல் எடுத்துரைத்து, நாய் பிழைக்கும் என்று உறுதி கூறி, குழலை அகற்றி நலமாக்கிக் கொடுத்தார். அன்றுமுதல் அவ்வதிகாரி அவருக்குப் பாதுகாவலரானார். ஆனால் அண்டை வீட்டார் எல்லாரும் அவ்வாறு மனம் மாறிவிடவில்லை.

இந்நிலையில், 1844-ஆம் ஆண்டு, பெலூசு என்னும் வேதியியல் அறிஞர் வழியாகக் குராரே என்ற நஞ்சு பெர்னார்டின் கைக்கு வந்தது.

குராரே தென்னமெரிக்கக் காடுகளில் பிறந்தது. ஓரினோக்கோ, அமேசான் ஆகிய பேராறுகளின் கரைகளில் வாழும் பழங்குடி மக்கள் சிலவகைக் கொடிகளின் பட்டையை நீரில் ஊறவைத்து, வடித்து, பசைபோல் இறுகும்வரை காய்ச்சி அதனை உண்டாக்கினர். கரிய பிசின் போன்ற அப்பொருளை அம்பு நுனியில் தடவி, நெடிய ஊதுகுழல் வழியாக எய்வர். அடிபட்ட விலங்கு அலறுவதில்லை, துடிப்பதில்லை. சில நிமிடங்களில் கால்கள் தளர்ந்து, கழுத்துச் சாய்ந்து, உறங்குவதுபோலக் கீழே விழுந்து உயிர் நீங்கும். வயிற்றினுள் சென்றால் இந்நஞ்சு குருதியில் எளிதில் கலப்பதில்லை. ஆதலால் அவ்விலங்கின் இறைச்சியை அம்மக்கள் அச்சமின்றி உண்டனர். செர்மானிய அறிஞர் அம்போல்ட்டு 1800-ஆம் ஆண்டு ஓரினோக்கோ ஆற்றங்கரையில் குராரே காய்ச்சப்படுவதை நேரில் கண்டு எழுதியுள்ளார்.

இந்நஞ்சைப் பற்றி ஐரோப்பாவில் பலரும் அறிந்திருந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1814-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், வாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலப் பயணி தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்த குராரே ஒரு பெண் கழுதையின் தோளில் செலுத்தப்பட்டது. பத்து நிமிடங்களில் கழுதை செத்ததுபோல் வீழ்ந்தது. உடனே அதன் மூச்சுக்குழலில் சிறு துளையிட்டுத் துருத்தியால் காற்றை ஊதத் தொடங்கினர். இரண்டு மணி நேரம் சென்றதும் கழுதை தலையைத் தூக்கிப் பார்த்தது. ஊதுவதை நிறுத்தினர், மீண்டும் அது வீழ்ந்தது. மறுபடியும் விடாமல் ஊதினர். நஞ்சின் வேகம் தணிந்ததும் கழுதை எழுந்து நடந்தது. வாட்டர்ட்டனின் பண்ணையில் அது மேலும் 25 ஆண்டுகள் வாழ்ந்தது. குராரே உண்டவுயிர் மூச்சு நின்றே சாகின்றது என்பதும், மூச்சை நாம் நடத்திக் கொடுத்தால் அது பிழைக்கும் என்பதும் இதனால் விளங்கின. ஆனால் மூச்சு ஏன் நிற்கின்றது? நஞ்சு உடலில் எவ்விடத்தைத் தாக்குகின்றது? மூளையையா, இதயத்தையா, நரம்பையா, தசையையா? இதற்கு விடை கூறுவார் இல்லை.

பெர்னார்டு ஒரு தவளையை எடுத்தார். அதன் முதுகுத் தோலின்கீழ் குராரேயின் சிறு துண்டை வைத்தார். சில நிமிடங்களில் தவளை அசைவற்றுக் கிடந்தது. உடனே அதன் உடலைத் திறந்து பார்த்தார். இதயம் வழக்கம்போலத் துடித்துக்கொண்டிருந்தது. கால் தசையின்மேல் மின்னோட்டத்தைச் செலுத்தினார், தசை சுருங்கிற்று. அப்படியானால் தசை சாகவில்லை. அடுத்து, அத்தசைக்குச் செல்லும் நரம்பின்மேல் மின்னோட்டத்தைச் செலுத்தினார். தசையில் சிறு அசைவும் இல்லை. நல்ல நிலையில் உள்ள தவளையில் நரம்பைத் தீண்டிய அளவிலேயே கால் துள்ளும். ஆகவே நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளைதான் வழியில் அறுபட்டிருக்க வேண்டும் என்று அவர் உணர்ந்தார்.

இத்துடன் நின்றிருந்தால் அவரைச் சிறந்த ஆய்வாளர் என்று மட்டுமே உலகம் கூறியிருக்கும். அவர் மேலும் ஒரு வினாவைக் கேட்டார். கால் அசையவில்லை, சரி. அத்தவளைக்கு உணர்ச்சி இருக்கின்றதா, இல்லையா? அசையாத உயிர் தனக்கு வலிக்கின்றது என்பதை எவ்வாறு தெரிவிக்க முடியும்?

இவ்வினாவிற்கு விடை காண அவர் வகுத்த முறை மிக எளியது. அதன் நுட்பமோ வியக்கத்தக்கது. வேறொரு தவளையின் இடுப்புப் பகுதியில், பின்கால்களுக்குச் செல்லும் நரம்புகளை மட்டும் தனியே விலக்கி வைத்துவிட்டு, மற்றைப் பகுதியை நூலால் இறுகக் கட்டினார். இப்போது பின்கால்களுக்குக் குருதி செல்லாது. குருதி செல்லாமையால் நஞ்சும் செல்லாது. நரம்புகள் வழியாக மட்டுமே கால்களுக்கும் உடலின் மேற்பகுதிக்கும் தொடர்பு இருந்தது. பின்னர் முதுகில் குராரேயை வைத்தார். உடலின் முன்பகுதி முழுவதும் செயலிழந்து சவம்போலக் கிடந்தது. அச்செயலிழந்த முன்காலின் தோலைக் குறட்டினால் கிள்ளினார். முன்கால் அசையவில்லை. ஆனால் நஞ்சு புகாத பின்கால்கள் இரண்டும் உதைத்துத் துள்ளின!

கிள்ளிய உணர்ச்சி நஞ்சேறிய தோலிலிருந்து, நஞ்சேறிய உடலின் வழியாகத் தண்டுவடத்திற்குச் சென்று, அங்கிருந்து விடையாகப் பின்காலுக்கு வந்தது. ஆகவே குராரே உணர்ச்சி நரம்புகளைத் தீண்டவில்லை. தசையை ஏவும் இயக்க நரம்புகளின் கடைசி முனையை மட்டுமே அது வாயடைத்துவிடுகின்றது. நரம்பின் தண்டு மட்டும் குராரே கரைசலில் நனைந்தால் அது தன் செயலை இழப்பதில்லை. நரம்பு சென்று சேரும் தசை நனைந்தால் மட்டுமே கட்டளை நின்றுபோகின்றது என்பதையும் அவர் வேறு சோதனைகளால் காட்டினார். 1850-ஆம் ஆண்டில் பெலூசுடன் சேர்ந்து அறிவியல் கழகத்தின் முன்னிலையில் குராரே பற்றிய ஆய்வை வெளியிட்டார். 1857-இல் நஞ்சுகளைப் பற்றிய தம் சொற்பொழிவு நூலில் அதனை விரித்துரைத்தார். நரம்பும் தசையும் கூடும் சந்தியே நஞ்சு தாக்கும் இடம் என்பதைப் பின்வந்தோர் இன்னும் திட்டமாக வகுத்தனர். எனினும் வழிகாட்டியவர் அவரே.

தம் சோதனை கூறிய செய்தியின் கொடுமையைப் பெர்னார்டு நன்கு உணர்ந்திருந்தார். 1864-ஆம் ஆண்டு பொதுமக்களுக்கென எழுதிய கட்டுரை ஒன்றில் அதனை அவர் மறைக்காமல் எடுத்துரைத்தார். குராரேயால் நேரும் சாவு பார்ப்பவர் கண்ணுக்கு அமைதியான உறக்கமாகத் தோன்றுகின்றது. உண்மையிலோ அறிவும் உணர்ச்சியும் விருப்பமும் குன்றாமல் இருக்க, அவற்றுக்குப் பணிந்து வந்த உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போக, உயிர் தன் உடலுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கின்றது. மனிதக் கற்பனைக்கு எட்டும் துன்பங்களுள் இதனினும் கொடியது இல்லை என்பது அவர் கருத்து.

இவ்வளவு தெளிவாக அறிந்தவர், தம் ஆய்வுக்கூடத்தில் விலங்குகளை அசையாமல் நிறுத்துவதற்கே குராரேயைப் பயன்படுத்தியதும் உண்டு. அறிவின் பயனுக்காக விலங்கின் துன்பம் பொறுக்கத்தக்கது என்று அவர் கருதினார். தம் கருத்தை எங்கும் அவர் ஒளிக்கவில்லை. ஆனால் அதற்குரிய விலையை அவர் இல்லத்திலேயே செலுத்த நேர்ந்தது.

1845-ஆம் ஆண்டு பாரிசு மருத்துவர் ஒருவரின் மகளைப் பெர்னார்டு மணந்திருந்தார். பதவியும் வருவாயும் இல்லாத காலத்தில் அவ்வம்மையார் கொணர்ந்த சீர்ப்பொருளே அவருடைய ஆராய்ச்சியைத் தாங்கிற்று. ஆண் குழந்தைகள் இருவர் கைக்குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். பெண்கள் இருவர் வளர்ந்தனர். கணவர் பணம் ஈட்டும் மருத்துவராகத் தொழில் நடத்துவார் என்று எதிர்பார்த்த அம்மையார், அவர் இரவும் பகலும் விலங்குகளின் நடுவே இருப்பதைக் கண்டு உள்ளம் கசந்தார். தந்தையாரின் சோதனைகளை எண்ணிப் பெண்மக்களும் மனம் புண்பட்டனர். கைவிடப்பட்ட நாய்களைக் காப்பாற்றும் பணியில் அவர்கள் தம்மை ஈடுபடுத்திக்கொண்டனர். இறுதியில் கணவனும் மனைவியும் சட்டப்படி பிரிந்தனர். தம் கடைசி ஆண்டுகளைப் பெர்னார்டு தனிமையிலேயே கழித்தார். குற்றம் யாருடையது என்று தீர்ப்புக் கூறுவது எளிதன்று. நாய்களின் வலிக்கு இரங்கிய அம்மூவரும் தவறாக எண்ணினர் என்றும் சொல்ல இயலாது.

வெளியுலகிலோ அவர் புகழ் வளர்ந்துகொண்டே சென்றது. கொழுப்பு செரிப்பதற்குக் கணைய நீர் எவ்வாறு துணை செய்கின்றது என்பதை அவர் கண்டறிந்தார். உடலுக்கு வேண்டிய சர்க்கரையைக் கல்லீரல் தானே உண்டாக்கிச் சேமித்து வழங்குகின்றது என்பதை மெய்ப்பித்தார். நிலக்கரிப் புகையில் உள்ள நச்சுவாயு குருதியிலுள்ள ஆக்சிசனை விரட்டிவிட்டு அதனிடத்தில் தான் அமர்கின்றது என்று காட்டினார். 1855-இல் ஆசிரியர் மகாந்தி இறந்தபின் அவருடைய இருக்கையும் இவருக்கே வந்தது. 1865-இல், நோயுற்றுச் செயின்ட் ஜூலியனில் ஓய்ந்திருந்த காலத்தில் எழுதிய மருத்துவ ஆராய்ச்சி முறை பற்றிய நூல் இன்றும் பயிலப்படுகின்றது. நாடகம் எழுதித் தோற்ற இளைஞர், தம் உரைநடையின் சிறப்பால் 1868-ஆம் ஆண்டு பிரெஞ்சு இலக்கியக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவ்வெற்றிகளுக்கிடையே, அசைவுக்கும் உணர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு அவர் சிந்தனையை விட்டு நீங்கவில்லை. ஈதரையும் குளோரோபாரத்தையும் அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தொட்டாற்சுருங்கிச் செடி ஒன்றைக் கண்ணாடிக் கவிகையின்கீழ் வைத்து, ஈதரில் தோய்த்த கடற்பஞ்சை உடன் வைத்தார். சிறிது நேரத்தில் செடியின் இலைகளைத் தொட்டாலும் அவை சுருங்கவில்லை. கவிகையை எடுத்துவிட்டுக் காற்றோட்டமாக வைத்ததும் மீண்டும் சுருங்கத் தொடங்கின. தூண்டுதலை உணரும் ஆற்றலையே ஈதர் உறங்கச் செய்கின்றது. குராரே அவ்வாறன்று, அது ஏவலாளைக் கட்டிப்போடுகின்றதேயன்றித் தலைவனை உறங்கச் செய்வதில்லை. குளோரோபாரத்திற்கு முன்னர் மார்பீனைக் கொடுத்தால், சிறிதளவு குளோரோபாரமே போதும் என்பதையும் அவர் கண்டார். மயக்கத்தைப் பற்றிய அவருடைய சொற்பொழிவுகள் 1875-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன.

அதற்கு அடுத்த ஆண்டு ஆங்கில நாட்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை அந்நாட்டுப் பாராளுமன்றம் 1876-இல் இயற்றியது. சோதனைக்கு முன் விலங்குக்கு மயக்க மருந்து கொடுக்கவேண்டும் என்று விதித்த அச்சட்டம், குராரேயைப் பெயர் சொல்லிச் சுட்டி, அது மயக்க மருந்தாகக் கொள்ளப்படாது என்றும் அறிவித்தது. அசையாமல் கிடக்கும் விலங்கு வலியின்றிக் கிடக்கின்றது என்று யாரும் சாக்குச் சொல்லக்கூடாது என்பதே இதன் நோக்கம். பெர்னார்டின் தவளைகள் கூறிய உண்மை, விலங்குச் சோதனையை வெறுத்தவர்களின் கையிலேயே ஒரு கேடயமாக அமைந்தது.

1878-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 10-ஆம் நாள், சிறுநீரக நோயால் பெர்னார்டு காலமானார். அப்போது அவருக்கு வயது 64. அரசாங்கச் செலவில் அவருடைய இறுதிச் சடங்கு நடைபெற்றது. பிரான்சு நாட்டில் அறிவியல் அறிஞர் ஒருவருக்கு இத்தகைய சிறப்பு அளிக்கப்பட்டது அதுவே முதன்முறை.

அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளுக்கு மேலாகக் குராரே மருத்துவத்தின் வாயிலிலேயே காத்து நின்றது. ஒரு பானையில் வந்த குராரேயின் வலிமை மற்றொரு பானையில் இராது. அளவறிந்து கொடுக்க வழியில்லை. 1935-இல் இலண்டனில் அதன் சாரத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். 1938-இல் ஈக்குவடோர்க் காடுகளிலிருந்து மிகுதியான குராரே அமெரிக்காவுக்கு வந்தது. அளவு திட்டம் செய்யப்பட்ட மருந்தும் அதிலிருந்து ஆக்கப்பட்டது.

அறுவை மருத்துவருக்கு அதன் தேவை பெரிதாக இருந்தது. வயிற்றைத் திறந்து அறுவை செய்யும்போது வயிற்றுத் தசைகள் பலகைபோல் விறைத்துக்கொள்ளும். அவற்றைத் தளர்த்த வேண்டுமாயின், ஈதரையோ குளோரோபாரத்தையோ மிக ஆழ்ந்த மயக்கம் வரும்வரை கொடுக்க வேண்டும். அவ்வளவு கொடுத்தால் இதயமும் மூச்சும் தளர்ந்து, நோயாளி மேசையிலேயே இறப்பதும் உண்டு. 1942-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள், கனடா நாட்டு மான்றியல் நகரில், ஆரல்டு கிரிபித்து என்னும் மயக்க மருத்துவர், குடல்வால் அறுவைக்கு வந்த இளைஞர் ஒருவருக்கு வாயு மயக்கம் கொடுத்து, அத்துடன் குராரேயையும் ஊசி வழியாகச் செலுத்தினார். ஈனிடு ஜான்சன் என்னும் பெண் மருத்துவர் உடன் துணைபுரிந்தார். வயிற்றுத் தசைகள் பிசைந்த மாவுபோல் தளர்ந்தன. அறுவையும் இனிது முடிந்தது. மூச்சுக்குழலினுள் குழாய் செலுத்திக் காற்றூட்டும் கலையில் கிரிபித்து முன்னரே தேர்ந்தவர். இலண்டன் கழுதைக்குத் துருத்தி செய்த பணியை மனிதருக்குச் செய்ய அவர் ஆயத்தமாகவே இருந்தார்.

புதிய மருந்து விரைவில் எங்கும் பரவியது. சிலர் குராரே மயக்கத்தையும் உண்டாக்கும் என்று மயங்கினர். இந்த ஐயத்தை அறுக்க ஸ்காட் சுமித்து என்னும் அமெரிக்க மயக்க மருத்துவர் தம் உடலையே சோதனைக்கு அளித்தார். வேறு மயக்க மருந்து எதுவும் இன்றி, மூச்சு நிற்பதற்கு வேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு குராரேயை ஏற்றுக்கொண்டார். உடன் இருந்தவர்கள் அவருக்குக் காற்றூட்டினர். கண்ணிமைகூட அசையாத நிலையில், சூழ நின்றவர் பேசியதனைத்தையும் அவர் கேட்டார். ஊசியால் குத்திய வலியை உணர்ந்தார். பின்னர் யாவற்றையும் பிசகாமல் எடுத்துரைத்தார். 1947-இல் அச்சோதனை வெளியாயிற்று. தவளை கால் உதைத்துச் சொன்னதை ஒரு மனிதர் வாயால் சொல்ல நூறாண்டுகள் சென்றன.

இடையூறு மற்றொரு வழியாகவும் வந்தது. அறுவை முடிந்தபின் தசையில் சிறிதளவு மருந்து எஞ்சியிருந்தாலும், நோயாளி படுக்கையில் கிடக்கும்போது மூச்சுத் தளர்ந்து இறக்க நேரிடும். அமெரிக்க மருத்துவமனைகள் பத்தில் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேருக்குக் கொடுத்த மயக்கத்தை ஆராய்ந்த அறிக்கை ஒன்று 1954-இல் வெளிவந்தது. மயக்கத்தால் நேர்ந்த சாவு, குராரே போன்ற மருந்து பெற்றவர்களில் 370 பேருக்கு ஒருவராகவும், பெறாதவர்களில் 2,100 பேருக்கு ஒருவராகவும் இருந்தது என்று அது கூறியது. மருத்துவ உலகம் நடுங்கிற்று. நஞ்சின் விளைவை மாற்றும் மருந்தைத் தவறாமல் கொடுக்கவும், நோயாளி தாமாக நன்கு மூச்சு விடும்வரை காற்றூட்டவும் மருத்துவர்கள் கற்றுக்கொண்டனர். விழித்திருக்கும் அறிவைப் பற்றிய அச்சமும் முற்றும் தீர்ந்துவிடவில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த ஆய்வொன்று 2014-இல் வெளியாயிற்று. அறுவையின்போது விழிப்புற்றதாகப் பின்னர் முறையிட்டவர், தசை தளர்த்தும் மருந்து பெற்றவருள் ஏறத்தாழ 8,000 பேருக்கு ஒருவர். அது பெறாதவருள் 1,36,000 பேருக்கு ஒருவர்.

இன்று குராரேயின் இடத்தில் அதன் வழியில் வந்த புதிய மருந்துகள் உள்ளன. அவற்றைக் கொடுக்கும் மயக்க மருத்துவர், உறக்கத்திற்கு ஒரு மருந்தும் வலி நீக்கத்திற்கு ஒரு மருந்தும் தனித்தனியே கொடுக்கின்றார். நோயாளியின் மணிக்கட்டில் இரு சிறு பட்டைகளை ஒட்டி, அங்குள்ள நரம்பின்மேல் நொடிக்கு இருமுறையாக நான்குமுறை மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்துகின்றார். பின் கட்டைவிரலைப் பார்க்கின்றார். மருந்து முழுமையாகப் பற்றியிருந்தால் விரல் அசையாது. மருந்து நீங்க நீங்க முதல் துடிப்பு வலுவாகவும் பின்னவை ஒன்றைவிட ஒன்று மெலிந்தும் தோன்றும். நான்காம் துடிப்பு முதல் துடிப்பின் வலிமையில் பத்தில் ஒன்பது பங்கையேனும் எட்டும் வரை, மூச்சுக்குழலிலுள்ள குழாயை அவர் எடுப்பதில்லை. நரம்பைத் தீண்டித் தசை விடை கூறுகின்றதா என்று பார்க்கும் இம்முறை, 1844-ஆம் ஆண்டு பாரிசு நகரின் ஈர அறையில், ஒரு தவளையின் காலருகே குனிந்து நின்று பெர்னார்டு கையாண்ட முறையேயாகும்.